மகனுக்கு வண்டி… பதினைந்து லட்சம் யாருக்கு?

மணப்பாறை வட்டத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று ஏக்கர் மானாவாரி, இரண்டு கறவை மாடுகள். மகனுக்கு வயது 19. நான்கு மாதம் முன்புதான் கியர் வண்டிக்கான ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்தது. கல்லூரி பஸ்ஸைப் பிடிக்க மெயின் ரோட்டுக்கு 7 கி.மீ. போக வேண்டும். காலையில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவதும் அவன் வேலைதான். மகன் கேட்பது 200 சி.சி. வண்டி. அப்பாவுக்குப் பழக்கம், பல வருடமாக ஓட்டும் எக்ஸ்.எல். மட்டுமே.

"கிடேரியை விற்று முன்பணம் கட்டிவிடலாம், மீதிக்கு லோன். மகனுக்கு வருமானம் இல்லை என்பதால் வண்டியை என் பெயரில் எடுக்கச் சொல்கிறார்கள். ஐந்து வருட இன்சூரன்ஸ் சேர்ந்தே வருகிறது, கவலையே வேண்டாம் என்கிறார் ஷோரூம் பையன். எந்த வண்டி எடுப்பது?" என்பது கேள்வி. கடைசியில், தன்னிடம் கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் மட்டுமே இருப்பதையும் ஒரு வரியில் சொல்லியிருக்கிறார்.

அவர் கேட்டது வண்டியைப் பற்றி. பெரிய சிக்கல் இருப்பதோ அந்தக் கடைசி வரியில். முதலில் கேட்டதற்குப் பதில்.

மண்ணைப் பார்க்காமல் விதை வாங்குகிறவர் கிடையாது. வண்டிக்கும் அப்படித்தான். அது ஓடப்போகிற சாலை எது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 7 கி.மீ. ஊர்ச் சாலை என்றால் அதில் என்னென்ன இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தை, மாசியில் சாலையிலேயே கொள்ளையும் எள்ளையும் பரப்பிப் போட்டிருப்பார்கள், சக்கரம் ஏறித் தாள் நசுங்கட்டும் என்று. அதன்மேல் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். திருப்பத்தில் மணல் சேர்ந்து கிடக்கும். ஆட்டு மந்தை குறுக்கே வரும். இருட்டிய பிறகு பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர் ஓரமாக நிற்கும். பக்கத்தில் போகும்வரை கண்ணுக்குத் தெரியாது. இந்தச் சாலைக்கு வேண்டியது வேகம் இல்லை. மெதுவாகப் போகும்போது கைக்கு அடங்குகிற, நிறுத்தினால் இரண்டு காலும் தரையில் ஊன்றுகிற வண்டி.

எடையை வைத்துப் பார்த்தால் இது எளிதாக விளங்கும். எக்ஸ்.எல். 100 சுமார் 90 கிலோவுக்குள். ஷைன் 100 சுமார் 99 கிலோ, ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ. 200 சி.சி. வண்டிகளில் பல 150 கிலோவைத் தாண்டும். 350 சி.சி. புல்லட் வகை 200 கிலோவை ஒட்டி நிற்கும். ஓடும்போது இந்த எடை தெரியாது. சேற்றில் நின்றுபோனாலோ, வீட்டு வாசல் மேட்டில் திருப்பினாலோ, ஒரு பக்கம் சாயத் தொடங்கினாலோதான் தெரியும். புதிதாக ஓட்டுகிறவர்கள் வேகத்தில் விழுவதைவிட நின்ற இடத்தில் சாய்ந்து விழுவதுதான் அதிகம். கணுக்கால் முறிவதும், சைலன்சர் சுடுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

ஷோரூமில் செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு, காசு செலவில்லை. மகனை வண்டிமேல் உட்காரச் சொல்லி, இரண்டு குதிகாலும் தரையைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இறங்கி, என்ஜினைப் போடாமல், தள்ளிக்கொண்டே ஒரு வட்டம் திருப்பச் சொல்ல வேண்டும். சென்டர் ஸ்டாண்டை அவனே போட்டு அவனே எடுக்க வேண்டும். இதில் மூச்சு வாங்கினால் அந்த வண்டி இன்னும் இரண்டு வருடம் பொறுக்கட்டும். ஓட்டிப் பார்க்கும்போது பின்னால் அப்பாவே ஏறிக்கொள்வது நல்லது. ஆள் ஏறியதும் வண்டியின் குணமே மாறும்.

பிரேக் பற்றியும் சொல்ல வேண்டும். எக்ஸ்.எல். ஓட்டிப் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்பிரேக் என்றாலே பயம், "குப்புறத் தள்ளிவிடும்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருப்போம். ஆனால் வண்டியை நிறுத்தும் பலம் பெரும்பகுதி முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி. வரையிலான புது வண்டிகளில் சி.பி.எஸ். கட்டாயம், பின்பிரேக்கை அழுத்தினால் முன்பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். 125 சி.சி.க்கு மேல் ஏ.பி.எஸ். கட்டாயம், அவசரத்தில் அழுத்தினாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் அது பார்த்துக்கொள்ளும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் 2019க்கு முந்தையதா பிந்தையதா என்று கவனிக்க இது ஒரு காரணம்.

செலவுக் கணக்கும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. நாளுக்கு 20 கி.மீ. என்றால் மாதம் 600 கி.மீ. 100 சி.சி. வண்டி ஊர்ச் சாலையில் லிட்டருக்கு 60 கொடுத்தால் 10 லிட்டர். 200 சி.சி. வண்டி 37 கொடுத்தால் 16 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 600 ரூபாய் கூடுதல். ஏறக்குறைய அரை மூட்டை மாட்டுத்தீவனம். இன்சூரன்ஸிலும் வித்தியாசம் உண்டு. 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி, புது வண்டிக்கான ஐந்து வருட மூன்றாம் நபர் பிரீமியம் 75க்கு மேல் 150 சி.சி. வரை 3,851 ரூபாய். 150க்கு மேல் 350 சி.சி. வரை 7,365 ரூபாய். வரி தனி. ஆக 100 முதல் 125 சி.சி.க்குள் ஒரு வண்டி, பின்னால் சேலை கார்டும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் உள்ளதாக, அந்த வீட்டுக்குப் போதும். மகனின் முகம் கொஞ்ச நாள் சுருங்கும். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

இனி இன்சூரன்ஸ். ஷோரூமில் சொன்ன "ஐந்து வருடம்" பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 2018 செப்டம்பர் 1 முதல் விற்கும் ஒவ்வொரு புது இருசக்கர வண்டிக்கும் ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். மூன்றாம் நபர் என்றால் நம் வண்டியால் அடிபடுகிற ரோட்டில் போகிறவர், எதிரே வருகிறவர். அவருக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டைக் கம்பெனி கொடுக்கும். நம் வண்டி நொறுங்கினாலோ, திருடு போனாலோ, நம் கால் உடைந்தாலோ அதில் ஒரு பைசா கிடையாது.

நம் வண்டிக்கான சேதக் காப்பீடு பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் போடப்படும். ஓட்டுகிறவருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடும் பல பாலிசிகளில் ஒரு வருடம்தான். அட்டையில் பெரிதாக ஐந்து வருடத் தேதி இருக்கும். இந்த இரண்டின் தேதியும் கீழே சின்ன எழுத்தில் இருக்கும். இரண்டாம் வருடம் யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. ஆகவே பாலிசி கைக்கு வந்த அன்றே மூன்று தேதிகளையும் காலண்டரில் குறித்துவிட வேண்டும்.

பதினைந்து லட்சம் வருவது இந்தத் தனிநபர் விபத்துக் காப்பீட்டில்தான். வண்டியின் உரிமையாளர் அதை ஓட்டிச் செல்லும்போது விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய். நிரந்தர ஊனத்துக்கும் உண்டு. பிரீமியம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய். வண்டி இன்சூரன்ஸிலேயே ஏழைக் குடும்பத்துக்கு மிகவும் உதவுகிற பகுதி இதுதான். ஆனால் இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. அவர் பெயர் ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளராக இருக்க வேண்டும். அதே பெயர் பாலிசியில் இருக்க வேண்டும். அந்த வகை வண்டியை ஓட்டச் செல்லுபடியாகும் உரிமம் அவரிடம் இருக்க வேண்டும்.

மணப்பாறை வாசகரின் வீட்டில் இதை வைத்துப் பார்க்கலாம். ஆர்.சி. அப்பா பெயரில். அவரிடம் கியர் வண்டிக்கு உரிமம் இல்லை. எனவே அந்த வண்டியில் அவருக்குப் பாதுகாப்பு கிடையாது. ஓட்டப்போவது மகன். அவனிடம் உரிமம் இருக்கிறது, ஆனால் ஆர்.சி.யில் பெயர் இல்லை. எனவே அவனுக்கும் கிடையாது. பணம் கட்டியாகிவிட்டது, ரசீது இருக்கிறது, பதினைந்து லட்சம் என்று அச்சடித்தும் இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் அது சொந்தமில்லை.

எதிரே வந்த லாரியின் தவறால் விபத்து நடந்தால் அந்த லாரியின் இன்சூரன்ஸிலிருந்து மகனுக்கு இழப்பீடு கேட்கலாம், அதில் தடையில்லை. ஆனால் மாடு குறுக்கே வந்து, மணலில் வழுக்கி, தானாக விழுந்தால்? அப்போது கேட்க வேறு வண்டி இல்லை. நம் வண்டியின் மூன்றாம் நபர் காப்பீட்டிலும் கேட்க முடியாது. உரிமையாளரிடம் வண்டியை வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்திலேயே நிற்கிறார், அவர் மூன்றாம் நபர் ஆகமாட்டார் என்பதை 2020இலும் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியிருக்கிறது.

பயிர்க் காப்பீட்டில் இதே கூத்தை விவசாயிகள் பார்த்திருக்கிறார்கள். அடங்கலில் ஒரு சர்வே எண், விண்ணப்பத்தில் வேறு எண். பிரீமியம் கட்டும்போது யாரும் கேட்கமாட்டார்கள். வெள்ளம் வடிந்து இழப்பீடு வரும்போதுதான் தெரியும்.

எனவே மணப்பாறை வாசகர் செய்ய வேண்டியது இது. வண்டி மகன் பெயரில் இருக்கட்டும். லோன் கொடுப்பவரிடம், மகனை விண்ணப்பதாரராகவும் தன்னை இணை விண்ணப்பதாரராகவும் வைக்க முடியுமா என்று கேட்க வேண்டும். ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், நாலு இடம் ஏறி இறங்க வேண்டியிருக்கும். அல்லது 200 சி.சி.யை விட்டுவிட்டு 100 சி.சி.க்கு இறங்கினால், கிடேரி விற்ற பணத்துக்கு மேல் தேவைப்படும் தொகையே குறையும். அடுத்த கடலை வெள்ளாமை வரை பொறுத்தால் கடனில்லாமலே மகன் பெயரில் எடுக்கலாம். பயிருக்கென்று குறைந்த வட்டியில் கொடுக்கும் விவசாய நகைக்கடனை வண்டிக்குத் திருப்பும் பழக்கம் ஊரில் இருக்கிறது. அது வேண்டாம். உரம் வாங்கும் நேரத்தில் கந்துவட்டிக்கு நிற்க வேண்டிவரும்.

எந்த வழியும் சரிவராமல் அப்பா பெயரில்தான் எடுக்க முடியும் என்றால், மகனுக்குத் தனியாக ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுத்துவிட வேண்டும். வண்டியோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. எந்த வண்டியில் போனாலும் பொருந்தும். இதுகூட முடியாதவர்களுக்கு, வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறது. 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்து மரணத்துக்கு 2 லட்சம். ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை அதன் வருடம். மே கடைசியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாததால் விட்டுப்போனவர்கள் நிறைய. வீட்டில் எல்லோருக்கும் இது இருக்கட்டும், அம்மாவுக்கும் சேர்த்து.

அம்மா என்றதும் இன்னொன்று. மகன் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து சந்தைக்குப் போவது அவர்தான். வெறும் மூன்றாம் நபர் பாலிசி மட்டும் உள்ள வண்டியில் பின்னால் உட்காருகிறவருக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முழுப் பாலிசியில் அவருக்கும் பாதுகாப்பு உண்டு. சேதக் காப்பீட்டை இரண்டாம் வருடம் புதுப்பிக்காமல் விடுகிறவர்கள் வண்டியின் பெயின்ட்டை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறார்கள். புதுப்பிக்கும்போது, பின்னால் அமர்பவருக்கான விபத்துக் காப்பீட்டையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

சேதக் காப்பீட்டில் கூடுதல் விஷயங்கள் சில. வண்டி ஆறு மாதத்துக்குள் முழுதாகப் போனால் விலையில் 5 சதவீதம் கழித்துக் கொடுப்பார்கள். இரண்டு முதல் மூன்று வருட வண்டிக்கு 30 சதவீதம் கழியும். பழுது பார்க்கும்போது பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்குப் பாதி விலைதான் கிடைக்கும். இந்தக் கழிவு இல்லாமல் கொடுக்கும் சேர்க்கைக்குக் கொஞ்சம் கூடுதல் பிரீமியம். புதிதாக ஓட்டுகிறவர் முதல் வருடம் அதை எடுப்பது வீண் போகாது. ஆனால் கண்ணாடி உடைந்தது, இண்டிகேட்டர் போனது என்று ஐந்நூறு, அறுநூறுக்கெல்லாம் கிளெய்ம் போட்டால், அடுத்த வருடம் கிடைக்க வேண்டிய 20 சதவீதத் தள்ளுபடி போய்விடும்.

திருட்டு கிளெய்மில் கம்பெனி இரண்டு சாவிகளையும் கேட்கும். வரப்போரம் சாவியோடு வண்டியை நிறுத்திவிட்டு மடை மாற்றப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். போதிய கவனம் எடுக்கவில்லை என்று கிளெய்மை மறுக்க இது ஒரு காரணம் ஆகும்.

விபத்து நடந்துவிட்டால், தமிழ்நாட்டில் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். இன்சூரன்ஸ் அட்டையைத் தேடிக்கொண்டு வீட்டில் நிற்க வேண்டாம். ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு கம்பெனிக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் சொன்னால் போதும். சர்வேயர் பார்க்கும் முன் வண்டியை மெக்கானிக் கையில் கொடுத்துவிடக் கூடாது.

கரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: கொழுந்தனார் திருப்பூர் போகும்போது தன் நான்கு வருட ஸ்கூட்டரை இவருக்கு விலைக்குக் கொடுத்துவிட்டார். பணம் கொடுத்தாயிற்று, பெயர் மாற்றவில்லை. இவர் இப்போதுதான் ஓட்டப் பழகுகிறார், எல்.எல்.ஆர். எடுத்திருக்கிறார். "சொந்தத்துக்குள் தானே, இன்சூரன்ஸ் செல்லும் இல்லையா?"

பாதி செல்லும். வண்டி கைமாறினால் மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கூடவே மாறிவிடும். வாங்கியவர் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். சேதக் காப்பீடு தானாக மாறாது. பாலிசியில் பெயர் மாறாதவரை இவர் கேட்க முடியாது. தனிநபர் விபத்துக் காப்பீடு இவருக்கு இல்லவே இல்லை. மேலே சொன்ன அதே காரணம். கொழுந்தனாருக்கும் இதில் நிம்மதி இல்லை. இன்சூரன்ஸ் விட்டுப்போன நேரத்தில் அந்த ஸ்கூட்டரால் ஒருவர் அடிபட்டால், இழப்பீட்டைக் கட்ட வேண்டியவர் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான். வண்டி நான்கு கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே கொழுந்தனார் அடுத்த முறை ஊருக்கு வரும்போது படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கிவிடுவது இருவருக்கும் நல்லது. லோன் பாக்கி இல்லை என்ற சான்றும் வேண்டும். அவர் சேர்த்துவைத்த தள்ளுபடி அவருக்கே சொந்தம், வண்டியோடு வராது.

எல்.எல்.ஆர். காலத்தில் வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். கற்றுக்கொடுப்பவரைத் தவிர யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவிடுவதற்காகத்தான் பழகுகிறேன் என்று எழுதியிருக்கிறார். 30 நாள் கழித்துப் போய் எட்டுப் போட்டு உரிமம் வாங்கும்வரை பிள்ளை பஸ்ஸிலேயே போகட்டும்.

பிள்ளையே வண்டி ஓட்டுவது பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். பத்தாவது படிக்கும் மகன் தோட்டத்துக்கு வண்டி எடுத்துப் போகிறானாம். 18 வயது ஆகாதவர் ஓட்டி மாட்டினால், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கின்றன. வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயதுவரை உரிமம் கிடைக்காது. சாவியை வாங்கி வைத்துவிடுவதுதான் பதில்.

நாமக்கல் பக்கத்து வாசகர் ஒருவர், வண்டியின் இரு பக்கமும் பால் கேன் கட்டி ஓட்டுவது இன்சூரன்ஸைப் பாதிக்குமா என்று கேட்டிருக்கிறார். சொந்த மாட்டுப் பாலோடு தெருவில் இன்னும் நான்கு வீட்டுப் பாலையும் கூலிக்கு ஏற்றுகிறாராம். இருசக்கர வண்டிக்கான சாதாரண பாலிசியில், வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவதற்கும், சொந்த மூட்டை முடிச்சு தவிர்த்த சரக்கு ஏற்றுவதற்கும் பாதுகாப்பு இல்லை என்று எழுதியிருக்கிறது. சொந்தப் பாலைச் சொந்த மூட்டை என்று வாதாடிப் பார்க்கலாம். கூலிக்கு ஏற்றும் பாலுக்கு வாதமே இல்லை. புதுப்பிக்கும் முன் கம்பெனியிடம் தன் தொழிலைச் சொல்லி, அதற்கேற்ற பாலிசி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்ச்சொல் நிற்காது.

கேனைப் பற்றி ஒரு வார்த்தை. பாதி நிரம்பிய கேன்தான் ஆபத்து. திருப்பத்தில் உள்ளே பால் ஒரு பக்கமாக அலைமோதி வண்டியை இழுக்கும். இரண்டு கேனிலும் பாதிப் பாதி ஊற்றுவதைவிட, அளவில் சின்ன கேன்களாக எடுத்துக் கழுத்துவரை நிரப்பி, இரு பக்கமும் சம எடையாக, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாகக் கட்ட வேண்டும். பின்டயர் காற்றை, சுமைக்கென்று வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும்.